சிவப்பு உள்ளாடையில் ஒரு தாத்தா: மிச்சிகனில் வாங்கிய அச்சுப்படம் பற்றிய மதிப்புரை

மிச்சிகன் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இலையுதிர் காலத்தில் கூடும் கைவினைச் சந்தை ஒன்றில், உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் நான் வாங்கிய அச்சுப்படத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அளவு 16-க்கு 20 அங்குலம். தடித்த பருத்தித் தாள். சட்டம் இல்லாமல் விலை 60 டாலர். படத்தில் இருப்பது விடிவதற்கு முந்தைய நேரத்துப் பண்ணை வீட்டுச் சமையலறை. இரும்பு விறகடுப்பின் அருகே மர நாற்காலியில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் உட்கார்ந்து, வலது காலில் கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக உடலை மூடும் சிவப்பு உள்ளாடைதான் அவர் அணிந்திருக்கும் ஒரே உடை. வேலைக்குப் போடும் கால்சட்டை, தோள்வார்களோடு நாற்காலி முதுகில் தொங்குகிறது. அறை வாசலில், அதே உடையின் சிறிய அளவை அணிந்த ஆறேழு வயதுப் பையன் தூக்கம் தெளியாமல் நிற்கிறான். சன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு.

இந்த உடையில் தாத்தாக்களைக் காட்டும் படங்கள் அமெரிக்காவில் ஏராளமாக விற்கின்றன. வாழ்த்து அட்டை, தகரப் பலகை, நாட்காட்டி, சமையலறைத் துண்டு என்று எல்லாவற்றிலும் அச்சிடுகிறார்கள். பெரும்பாலானவற்றில் உடையின் பின்பக்க மடிப்பு பொத்தான் அவிழ்ந்து தொங்கும். பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். நாய்க்குட்டி ஒன்று துணியின் முனையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர் ஒரு முறை சிரித்துவிட்டுப் போவதற்காக வரையப்பட்டவை அவை. நான் வாங்கிய படம் அந்த வழியில் போகவில்லை. கடுங்குளிரில் அதிகாலையில் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போன ஒருவரின் வேலையுடையாக இதைக் கருதி ஓவியர் வரைந்திருக்கிறார். அந்த ஒரே காரணத்துக்காகவே இதை விரிவாக மதிப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த உடையைப் பார்த்திராதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. இதை அமெரிக்காவில் யூனியன் சூட் என்கிறார்கள். மேலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு துண்டாக வரும் லாங் ஜான்ஸ், இன்று குளிர்நாடுகளில் நம்மவர்கள் கடையில் கேட்டு வாங்கும் தெர்மல்ஸ் ஆகியவற்றுக்கு உறவான பழைய உடை இது. கழுத்தில் தொடங்கி இடுப்புக்குக் கீழ் வரை முன்புறத்தில் பொத்தான் வரிசை இறங்கும்; கை முழு நீளம்; கால் கணுக்கால் வரை; மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இறுக்கமான ரிப் பட்டை. முழு உடையையும் கழற்றாமல் கழிப்பறைக்குப் போவதற்கு வசதியாக, பின்பக்கத்தில் பொத்தான் போட்டு மூடும் மடிப்பு இருக்கும். இரண்டு துண்டு உடையில் குனியும்போதும் நிமிரும்போதும் மேல்துண்டு ஏறி இடுப்பு வெளியே தெரியும். அங்கேதான் குளிர் முதலில் நுழையும். நாள் முழுவதும் விறகு பிளந்து, பனியை வாரி ஒதுக்கி, பால் கறக்கிற ஒருவருக்கு இடுப்பில் இடைவெளியே இல்லாத உடை எவ்வளவு பெரிய பேறு என்பது மிச்சிகனில் ஒரு சனவரி மாதத்தைக் கழித்தவர்களுக்கு விளங்கும்.

நான் இதைப் பற்றி உரிமையோடு பேசுவதற்குக் காரணம் என் கணவரின் தாத்தா. திருமணமான புதிதில் அவருடைய பண்ணை வீட்டில்தான் குளிர்காலங்களைக் கழித்தோம். நான் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டேன். அவரும் அந்த அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். நவம்பரில் முதல் பனி விழுந்ததும் பெட்டியிலிருந்து வெளியே வரும் யூனியன் சூட்கள், ஏப்ரலில் நிலம் இளகும்வரை மாறி மாறி அவர் உடம்பில் இருக்கும். முகம் மழிக்கும்போது மேல்பொத்தான்கள் நான்கைந்தை அவிழ்த்து, கைகளை வெளியே எடுத்து, தொங்கும் இரண்டு கைத்துணிகளையும் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். மழித்து முடித்துத் துடைத்த பிறகு, முடிச்சை அவிழ்த்துக் கைகளை மறுபடி நுழைத்துப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போடுவார். எப்போதும் கீழிருந்துதான் தொடங்குவார். மேலிருந்து போட்டால் ஒரு பொத்தான் தப்பிவிடும் என்பது அவருடைய அனுபவம்.

அந்த உடைகளைத் துவைத்துக் கொடியில் போட்டது நான். கம்பளி கலந்த துணி என்பதால் சுடுநீரில் போட்டால் சுருங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் அழுத்திப் பிழிய வேண்டும். உறைபனி நாட்களில் வெளியே காயப்போட்டால் சிறிது நேரத்தில் விறைத்துப் பலகையாகிவிடும். அப்போது மடக்கினால் இழை ஒடியும் என்று தாத்தா எச்சரித்திருந்ததால், இரு கைகளாலும் ஏந்தி அப்படியே உள்ளே கொண்டுவந்து அடுப்பங்கரையில் சாய்த்துவைப்பேன். அப்படிச் சாய்த்துவைத்த உடையில் என் கண்ணில் முதலில் படுவது முழங்கால்தான். பல ஆண்டுகளாக மண்டியிட்டும் குந்தியும் வேலை செய்தவரின் முழங்கால் அந்தத் துணியில் புடைப்பாக நிலைத்துவிட்டிருந்தது. துவைத்தாலும் காயவைத்தாலும் அந்தப் புடைப்பு போகாது. முழங்கைகளிலும் அப்படியே.

இந்த அச்சுப்படத்தை வாங்க வேண்டும் என்று சந்தையிலேயே நான் முடிவுசெய்ததற்கு அந்த முழங்கால்தான் காரணம். பெரியவர் காலுறை மாட்டுவதற்காக வலது காலை மடக்கியிருக்கிறார். இடது காலை நீட்டியிருக்கிறார். மடக்கிய முழங்காலில் துணி இழுபட்டு வழுவழுப்பாக இருக்கிறது. நீட்டிய காலில், உள்ளே முழங்கால் இல்லாத இடத்தில், துணி இன்னும் பழைய வடிவத்தில் தொளதொளவென்று முன்னால் துருத்தி நிற்கிறது. இந்த உடையைப் பொம்மைக்கு மாட்டியோ கடையில் புதிதாக வாங்கி மாதிரி ஆளுக்கு அணிவித்தோ வரைகிறவருக்கு இது கிடைக்காது. பழைய உடையைப் பழகிய உடம்பில் பார்த்திருக்க வேண்டும். கழுத்துப் பொத்தான் போடாமல் விட்டிருப்பதும், அதற்கு அடுத்த பொத்தான் மட்டும் மற்றவற்றின் நிறத்தோடு பொருந்தாமல் வெளிர்நிறத்தில் இருப்பதும், இடது மணிக்கட்டுப் பட்டையில் வேறு நூலால் இழையெடுத்துத் தைத்திருப்பதும் அதே கவனத்தின் தொடர்ச்சி. அந்தத் தையல் பழுப்பு நிறத்தில் இருக்கிறது. வீட்டில் சிவப்பு நூல் இல்லை, இருந்த நூலால் தைத்தார்கள் என்று அந்த நாலைந்து தூரிகைக் கோடுகள் சொல்லிவிடுகின்றன.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஓவியங்களில் இந்த உடை எப்போதும் சிவப்பாகவே வருவதால், எல்லாத் தாத்தாக்களும் சிவப்பே அணிந்தார்கள் என்று எண்ணிவிடுகிறோம். என் கணவரின் தாத்தாவிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை சாம்பலும் வெளிர்மஞ்சளும் கலந்த இயற்கை நிறத்தில் இருந்தவை, சிவப்பு ஒன்றுதான். இருந்தாலும் சிவப்புக்குப் பழைய காரணம் உண்டு. சிவப்பு ஃபிளானல் என்னும் மென்மையான கம்பளித் துணியை உடம்போடு ஒட்ட அணிந்தால் மூட்டுவாதமும் சளியும் அண்டாது என்ற நம்பிக்கை 19-ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. மார்பிலும் தொண்டையிலும் சிவப்பு ஃபிளானலைச் சுற்றிக்கொள்வது வீட்டு வைத்தியமாகவே இருந்தது. வெப்பத்தைத் தந்தது கம்பளி. பெருமை நிறத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் கதகதப்பைக் காக்கும்; பருத்தி நனைந்தால் குளிர்ந்துவிடும். வியர்க்க வியர்க்க விறகு வெட்டிவிட்டு உடனே பனிக்காற்றில் நிற்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர் காக்கும் அளவுக்குப் பெரியது.

ஓவியர் சிவப்பைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் குறையில்லை. அவர் அதைப் பயன்படுத்திய விதம் நேர்த்தியானது. தோள்களில் தோள்வார் உராய்ந்து உராய்ந்து நிறம் போய் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. கால்சட்டை மூடிக் காக்கும் தொடைப் பகுதியில் பழைய ஆழ்சிவப்பு அப்படியே இருக்கிறது. பின்கழுத்தில் வெயிலும் வியர்வையும் சேர்ந்து துணியைச் செம்மண் நிறமாக்கியிருக்கின்றன. ஒரே உடையில் மூன்று சிவப்புகளைக் காட்டி, அந்த மனிதர் எங்கெல்லாம் உழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். ஆனால் அச்சில் ஒரு குறை இருக்கிறது. அடுப்பின் வாய்க்கு எதிரே இருக்கும் இடது பக்கத்தில் நெருப்பொளி படும் சிவப்பு, ஆரஞ்சுக்கு நழுவிவிட்டது. சந்தையில் மூலஓவியத்தையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதில் அந்த இடம் ஆழமாக, கங்கின் நிறத்தில் இருந்தது. அச்சு இயந்திரங்களுக்குக் கடினமான பகுதி இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 60 டாலர் வாங்கும் அச்சில் அதைத் திருத்தியிருக்கலாம்.

இந்த உடையின் வரலாறு தாத்தாக்களிடமிருந்து தொடங்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். இது முதலில் பெண்களுக்காக உருவானது. 1868-இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரத்தில், பெண்களுக்கான ஒரே துண்டு ஃபிளானல் உள்ளாடைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. இடுப்பை நெரிக்கும் கார்செட்டும் அடுக்கடுக்கான பாவாடைகளும் பெண்களின் மூச்சையும் நடையையும் முடக்குகின்றன என்று உடைச் சீர்திருத்தக்காரர்கள் போராடிய காலம் அது. 1875-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சூசன் டெய்லர் கான்வர்ஸ் என்ற பெண்மணி விடுதலை உடை என்ற பெயரிலேயே ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். பெண்களின் சுதந்திரத்துக்காகத் தைக்கப்பட்ட அந்த வடிவத்தின் வசதியைக் கண்டு ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் அது முழுக்க அவர்களுடையதாகிவிட்டது. ஐரோப்பாவில் 1880-களில் குஸ்டாவ் யேகர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர், தோலையொட்டிக் கம்பளிதான் இருக்க வேண்டும் என்று ஒரு இயக்கமே நடத்தினார். நாடகாசிரியர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா அதில் ஈர்க்கப்பட்டு யேகர் உடைகளை அணிந்து நடந்தார். இவ்வளவு பேருடைய அக்கறையும் உழைப்பும் சேர்ந்த ஓர் உடையை நாய்க்குட்டி கவ்வும் கேலிச்சித்திரத்துக்குள் அடைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

படத்தில் ஓவியர் தவறியிருக்கும் இடம் பின்பக்க மடிப்பு. நாற்காலியில் சற்றுத் திரும்பி உட்கார்ந்திருப்பதால், பெரியவரின் இடுப்புப் பின்பகுதியில் பாதி தெரிகிறது. அங்கே மடிப்பை மூட நடுவில் ஒரே ஒரு பெரிய பொத்தானை வரைந்திருக்கிறார். அப்படி ஒற்றைப் பொத்தான் இருந்தால் இரு ஓரங்களும் விலகி, உட்காரும்போதெல்லாம் காற்று புகும். நான் துவைத்தவற்றில் மடிப்பின் மேல்விளிம்பு இடுப்பின் அகலம் முழுவதும் நீண்டு, இரு பக்க ஓரங்களிலும் நடுவிலும் பொத்தான்கள் இருக்கும். ஓரப் பொத்தான்கள்தான் மடிப்பைத் தாங்குகிறவை, அறுந்துபோவதும் அவைதான், ஊசி நூலோடு நான் அதிக நேரம் செலவிட்டதும் அவற்றோடுதான். மணிக்கட்டுத் தையலை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண் இதைக் கவனிக்காமல் விட்டது வியப்பாக இருக்கிறது. கேலிச்சித்திரங்களில் எப்போதும் ஒற்றைப் பொத்தான்தான் வரும். அந்த வழக்கம் அறியாமல் இவருடைய கைக்குள்ளும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்தப் பின்பக்கத்தைத் திருத்துவதற்கு அந்தக் காலத்திலேயே எவ்வளவோ மூளை செலவழிந்திருக்கிறது. மிச்சிகன் ஏரியின் மறுகரையில், விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் இருந்த கூப்பர் என்ற உள்ளாடை நிறுவனத்துக்காக ஹொரேஸ் கிரீலி ஜான்சன் என்பவர், பொத்தானே தேவைப்படாமல், இரண்டு துணிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் படிந்து மூடிக்கொள்ளும் வடிவத்தை உருவாக்கினார். 1910-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு அந்த உடையை விளம்பரப்படுத்த நிறுவனம் அழைத்தது அக்காலத்தின் புகழ்பெற்ற ஓவியரான ஜே. சி. லயண்டெக்கரை. அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களோடு சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் வந்த அந்த விளம்பரம், அமெரிக்கா முழுவதற்குமாக ஆண்களின் உள்ளாடைக்கு வெளியான தொடக்ககால அச்சு விளம்பரங்களில் ஒன்று. லயண்டெக்கர் வரைந்த ஆண்கள் யூனியன் சூட்டில் நிமிர்ந்து நிற்கிறார்கள். மடிப்புகளில் ஒளி விழும் விதத்தில் பளிங்குச் சிலைக்குரிய மரியாதை இருக்கிறது. உள்ளாடையை வெட்கமோ நகைப்போ இல்லாமல் வரையலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

லயண்டெக்கரைப் பார்த்து வளர்ந்தவர் நார்மன் ராக்வெல். 1916-இல் அதே இதழுக்கு முதல் அட்டைப்படம் வரைந்த அவர், பிறகு முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகளை வரைந்தார். பேரனோடு பந்தாடும் தாத்தா, மரக்குதிரையில் ஏறிப் பார்க்கும் தாத்தா என்று அவருடைய ஓவியங்களில் முதியவர்களுக்குத் தனி இடம் உண்டு. வெர்மான்ட் மாநிலத்தின் ஆர்லிங்டனில் 1939 முதல் 1953 வரை வாழ்ந்தபோது, அக்கம்பக்கத்தவர்களையே மாதிரிகளாக உட்காரவைத்து, புகைப்படம் எடுத்து, அதைக்கொண்டு வரைந்தார். அதனால்தான் அவருடைய சட்டைகளில் சுருக்கம் சரியான இடத்தில் விழுகிறது. என் அச்சுப்படத்தின் ஓவியரும் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். படத்தில் இருப்பது தம் தாய்வழித் தாத்தாவின் உடை என்று அவர் சொன்னார். உடை இன்னும் அவரிடம் இருக்கிறதாம். மடிப்பின் பொத்தான்களைப் பற்றிக் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

இந்தப் படத்தை நினைவு ஓவியங்களின் வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, கிராண்ட்மா மோசஸ் என்று அறியப்பட்ட அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸையும் நினைக்காமல் இருக்க முடியாது. பண்ணை வேலையிலேயே வாழ்நாளைக் கழித்து, எழுபது வயதைக் கடந்து எண்பதை நெருங்கும்போது தூரிகையைக் கையில் எடுத்தவர். 1938-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹூசிக் ஃபால்ஸ் ஊரில் ஒரு மருந்துக்கடைச் சன்னலில் வைத்திருந்த அவருடைய படங்களைச் சேகரிப்பாளர் ஒருவர் கண்டு வாங்கிய பிறகு உலகம் அவரை அறிந்தது. 1961-இல் 101 வயதில் மறைந்தார். அவருடைய படங்களில் மனிதர்கள் சிறியவர்கள், வேலை பெரியது. அவருடைய மனிதர்கள் தூரத்தில் இருப்பதால் துணியின் இழை நமக்குத் தெரியாது. இந்த அச்சுப்படம் அதே உலகத்துக்குள், ஒரே ஒரு மனிதரின் அருகில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறது.

மிச்சிகனில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் படம் இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. கிராண்ட் ராபிட்ஸ் நகருக்கு வடக்கே சீடர் ஸ்பிரிங்ஸ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. மரம் வெட்டும் தொழிலால் வளர்ந்த ஊர். 1936-ஆம் ஆண்டின் கொடுங்குளிரில், சிவப்பு ஃபிளானல் உள்ளாடை இப்போதெல்லாம் கிடைப்பதில்லை என்று நியூயார்க்கிலிருந்து ஒருவர் எழுத, எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கிறதே என்று சீடர் ஸ்பிரிங்ஸின் உள்ளூர்ச் செய்தித்தாள் பதில் எழுதியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. 1939-இல் ஊர் சிவப்பு ஃபிளானல் நாளைக் கொண்டாடத் தொடங்கியது. அது இன்றும் இலையுதிர் கால விழாவாக நடக்கிறது. பெரியவர்களும் குழந்தைகளும் சிவப்பு உடையில் தெருவில் நடந்துபோவதை அங்கே பார்க்கலாம். உள்ளே அணிவதை வெளியே அணிந்து ஒரு ஊரே பெருமையோடு நடக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தமானது.

தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. வேட்டியை மடித்துக் கட்டினால் கீழே எட்டிப்பார்க்கும், நாடா கோத்த, முழங்கால் வரை நீண்ட பட்டாபட்டி டிராயர் நம் தாத்தாக்களுக்கு எப்படியோ, அப்படித்தான் இவர்களுடைய தாத்தாக்களுக்கு யூனியன் சூட். வயலில் வேட்டியை அவிழ்த்து வரப்பில் வைத்துவிட்டு, அந்த டிராயரோடு சேற்றில் இறங்கியவர்களை நாம் அறிவோம். சந்தைக்குப் போகும்போது பணம் அதன் பையில்தான் பத்திரமாக இருக்கும். நம் திரைப்படங்களும் அதை நகைச்சுவைக்கே அதிகம் பயன்படுத்தின. பட்டாபட்டி அணிந்த ஒரு பெரியவரை, இந்த மிச்சிகன் ஓவியர் தம் தாத்தாவைப் பார்த்த மரியாதையோடு யாராவது வரைந்து அச்சிட்டு விற்றால், நான் முதல் ஆளாக வாங்குவேன்.

படத்தில் நான் இன்னும் சொல்லாமல் விட்டது குளிர். ஏக்கத்தோடு வரையப்படும் பழங்கால வீடுகளில் எல்லாம் கதகதப்பாகவே இருக்கும். அடுப்பு எரியும், பூனை தூங்கும். இங்கே சன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் உறைபனி படிந்திருக்கிறது. வாளியில் இருக்கும் தண்ணீரின்மேல் மெல்லிய பனித்தோல் தெரிகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் விறகுப் பெட்டியில் மூன்று கட்டைகள்தான் மிச்சம். காலுறையை மாட்டியதும் பெரியவர் அடுத்துச் செய்யப்போகும் வேலை என்ன என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. வாசலில் நிற்கும் பையன் ஒரு பாதத்தை மற்றொரு பாதத்தின்மேல் வைத்து நிற்கிறான், தரை அவ்வளவு சில்லென்று இருக்கிறது. அவனுடைய உடையில் கைகள் இரண்டு மடிப்பு மடித்துவிடப்பட்டிருக்கின்றன. அண்ணனுடையதாக இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தை அழகாக நினைத்துப்பார்க்கும் உரிமை நமக்கு உண்டு, ஆனால் அந்த உடை ஏன் தேவைப்பட்டது என்பதை மறைத்துவிட்டு நினைப்பது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது. இந்தப் படம் மறைக்கவில்லை.

அந்தத் தேவை பிறகு குறைந்துவிட்டது. வீடுகளில் மைய வெப்பமூட்டும் வசதி வந்தது. படையில் இரண்டு துண்டு உள்ளாடை கொடுக்கப்பட்டு, போர் முடிந்து திரும்பியவர்கள் அதற்கே பழகியிருந்தார்கள். கெனோஷாவின் அதே கூப்பர் நிறுவனம் 1935 சனவரியில், சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு கடையில் ஜாக்கி என்ற குட்டையான உள்ளாடையை அறிமுகப்படுத்தியது. வெளியே பனிப்புயல் வீசிக்கொண்டிருந்த நாளில் அது விற்றுத் தீர்ந்தது. இன்றும் யூனியன் சூட் கிடைக்கிறது. பருத்தியில் வருபவையே அதிகம்.

இனி, வாங்க நினைப்பவர்களுக்குத் தேவையான செய்திகள். தாள் தடிமனானது, சற்றே சொரசொரப்பானது. கம்பளி இழையை வரைந்த இடங்களில் தாளின் சொரசொரப்பும் சேர்ந்து உதவுகிறது. நிறமி மையால் அச்சிட்டது என்பதால் சாதாரண அச்சைவிட நீண்ட காலம் மங்காமல் இருக்கும். ஆனாலும் நேர்வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம், சிவப்புகளின் வேறுபாடுதான் இந்தப் படத்தின் உயிர். அட்டைக் குழாயில் சுருட்டித்தான் தருகிறார்கள். அது எனக்கு உவப்பாக இல்லை. தடித்த தாள் சுருண்டே நிற்க முயல்வதால், கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாட்கள் வைத்துத்தான் சட்டம் போடக் கொடுக்க முடிந்தது. கீழ் ஓரத்தில் லேசான மடிப்புத் தழும்பு ஒன்றும் விழுந்திருக்கிறது. சட்டத்தின் விளிம்பு அதை மறைத்துவிடுகிறது. தட்டையாக அட்டைகளுக்கு இடையே வைத்துத் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அதே கடையில் இந்தப் படத்தோடு சேர்த்து ஆறு வாழ்த்து அட்டைகள் கொண்ட தொகுப்பும் இருந்தது. அதில் நான்கு அட்டைகள் நன்றாகவே உள்ளன. கொடியில் காயும் உடைகளைக் காட்டும் அட்டையை நான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். மற்ற இரண்டும் பின்மடிப்பு அவிழ்ந்த வழக்கமான கேலிப்படங்கள். இவ்வளவு பொறுப்போடு வரையத் தெரிந்த கை அவற்றையும் ஏன் வரைந்தது என்று கேட்டேன். அவைதான் அதிகம் விற்கின்றன என்று ஓவியர் மறைக்காமல் சொன்னார். தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய படத்தை மட்டும் வாங்குங்கள், 60 டாலருக்கு அது தகும். தாத்தாவோடு பண்ணையில் வளர்ந்த யாருக்காவது பரிசளிக்க நினைத்தால், பளபளப்பில்லாத கண்ணாடி போட்ட சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கண்ணாடியில் எதிர்ச்சுவரின் விளக்கு பிரதிபலித்து, மணிக்கட்டில் இருக்கும் அந்தப் பழுப்புத் தையல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.